பெயர் சொல்லாத ஜெபக்குறிப்பு

லிஃப்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டால் முதல் வேலை கதவைத் திறப்பதல்ல. வெளியே கூடி நிற்கிற கூட்டத்தைக் கலைப்பது. "உள்ளே யாரு, மூணாவது மாடிக்காரம்மாவா?", "அவங்களுக்குப் பிரஷர் வேற இருக்கே" என்று ஆளாளுக்கு வாயில் வந்ததைப் பேசுவார்கள். அத்தனையும் உள்ளே இருப்பவர் காதில் விழும். ஊரார் தன்னைப் பற்றிப் பேசுவதைக் கேட்டு மிரண்டுபோய், கதவைத் தானே நெம்பித் திறந்து, பாதி மாடியில் குதிக்கப் பார்ப்பார். ஆபத்து அங்கேதான். கூட்டத்தை அனுப்பு, கதவோரம் உட்கார், உள்ளே இருப்பவரோடு பேசு, கதவு திறக்கிறவரைக்கும் பேச்சை நிறுத்தாதே. இருபத்தாறு வருடமாக லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர் தனக்குக் கீழே வேலைக்கு வந்தவர்களிடமெல்லாம் இதை மனப்பாடமாக ஒப்பிப்பார்.

சபையில் அவரை ஏணி என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை வைத்தது வைத்தியர். வைத்தியர் என்றால் ஊசி போடுகிற வைத்தியர் இல்லை. பெரிய மருந்துக்கடை ஒன்றில் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக்கொடுக்கிறவர். அவருக்கு அந்தப் பெயரைப் பதிலுக்கு வைத்தது ஏணி. ஆகக் கடன் தீர்ந்தது.

இருவரும் முகம் பார்க்காமல் பழகியவர்கள். ஒரு பிற்பகல், ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுபோயிற்று. உள்ளே ஒரே ஆள், இரண்டு அட்டைப்பெட்டிகள். ஏணி வந்து கூட்டத்தை விரட்டிவிட்டுக் கதவோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"பேரெல்லாம் வேண்டாம். எப்படி இருக்கீங்க, அதை மட்டும் சொல்லுங்க."

"இன்னும் சாகல."

"நல்ல சேதி. பெட்டியில என்ன?"

"மருந்து. எல்லா வியாதிக்கும் இருக்கு. பயத்துக்கு மட்டும் ஸ்டாக் இல்ல."

"அது என்கிட்ட இருக்கு. தரையில உட்காருங்க. கதவைத் தொடாதீங்க. பேசிக்கிட்டே இருங்க."

நாற்பது நிமிடம் பேசினார்கள். கதவு திறந்த நேரத்தில் ஏணி மேலே மோட்டார் அறையில் இருந்தார். கீழே இறங்கி வருவதற்குள் பெட்டியோடு ஆள் போய்விட்டிருந்தார். அதற்கடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனையின்போது பின்வரிசையில் யாரோ, "கொஞ்சம் தள்ளி உட்கார முடியுமா?" என்று கேட்டார்கள். அதற்கு முன்வரிசையில் இருந்த ஏணி குரலைக் கேட்டுச் சட்டென்று திரும்பினார்.

"நீங்கதானே மருந்து?"

"நீங்கதானே கதவு?"

பாட்டு நடுவில் இருவரும் சிரித்ததற்குப் பக்கத்தில் இருந்த ஒரு சகோதரி முறைத்தார்கள்.

அந்தச் சபையின் பாஸ்டர் நல்லவர். மனிதன் தனியாக நின்றால் விழுவான், இரண்டு பேராக நின்றால் ஒருவன் மற்றவனைத் தூக்குவான் என்று நம்பினவர். ஆண்களை, ஒரே நுகத்தடியில் பூட்டின காளைகள்போல, இரண்டு இரண்டு பேராகச் சேர்த்து அவர்களுக்கு 'நுகத்தோழர்' என்று பெயர் வைத்தார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கூட வேண்டும். மூன்றே விதி. சோதனை வந்தால் ஒருவன் மற்றவனைப் போனில் கூப்பிட வேண்டும், அவன் எடுத்தாக வேண்டும். செவ்வாய்க்கிழமை "இந்த வாரம் எப்படி?" என்று கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும். "ஸ்தோத்திரம்" என்று கடவுளுக்கு நன்றி மட்டும் சொல்லித் தப்பிக்கக் கூடாது. மூன்றாவது, இரண்டு பேருக்கு நடுவில் சொன்னது மூன்றாவது காதுக்குப் போகக் கூடாது.

யாரோடு சேர விருப்பம் என்று பாஸ்டர் கேட்டபோது வைத்தியர் யோசிக்கவே இல்லை. "எனக்குக் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்த அண்ணனைக் குடுத்துடுங்க," என்றார்.

சபைக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி வைக்கிற அறை ஒன்று. அடுக்கிலிருந்து ஆளுக்கொரு நாற்காலியை உருவிப் போட்டுக்கொண்டு முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்வார்கள். முதல் இரண்டு வாரம் கோபம், சோம்பல், ஜெபிக்க மறந்தது என்று சில்லறைப் பாவங்களாகப் போயிற்று. மூன்றாவது வாரம் வைத்தியர் தன் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு பேசினார்.

"அண்ணே, முதுகுல ஆபரேஷன் ஆகி ரெண்டு வருஷமாச்சு. வலி முதல் வருஷமே போயிடுச்சு. மாத்திரை போகல."

"விலைக்கு வாங்கறியா?"

"விலைக்கு வாங்கித்தான் ஆரம்பிச்சேன்."

ஏணிக்குப் புரிந்தது. கடைத் தட்டிலிருந்து எடுக்கிறான். பாலுக்குப் பூனை காவல். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

"வீட்டுல?"

"அவளுக்குத் தெரியும். எடுக்கறேன்னு தெரியும், எங்கேருந்துன்னு தெரியாது. உங்களுக்குத்தான் ரெண்டும் தெரியும்."

வாங்கினதற்குப் பதில் கொடுக்க வேண்டும்போல ஏணிக்கு இருந்தது. நாற்பத்தொன்பது வயதில் முதல் தடவையாக ஒரு மனிதரிடம் அதைச் சொன்னார்.

"எனக்கும் ஒண்ணு இருக்கு. வெளியே தெரியாது. ஆளைப் பத்திரமா இறக்கிவிட்டா சுத்தி நிக்கறவங்க கை தட்டுவாங்க பாரு, அதுக்காகத்தான் நான் அந்த வேலையைச் செய்யறேன்னு சில சமயம் தோணுது. யாரும் திரும்பிப் பார்க்காத வாரத்துல எனக்குத் தூக்கமே சரியா வராது. சபையில நான் வாயைத் திறக்கறதில்ல, அடக்கமான ஆளுன்னு சொல்றாங்கல்ல? அடக்கமெல்லாம் இல்ல. பேசினா யாரும் கவனிக்க மாட்டாங்களோன்னு பயம்."

வைத்தியர் அவரை உற்றுப் பார்த்தார். "இதுக்கு எங்க கடையில மாத்திரை கிடையாது அண்ணே," என்றார். பிறகு சிரிக்காமல், "இது என்கிட்டயே இருக்கட்டும்," என்றார்.

அதற்குப் பிறகு போன் வரத் தொடங்கியது. பெரும்பாலும் மதியம், கடையில் மற்றவர்கள் சாப்பிடப் போயிருக்கும் நேரம். ஏணி லிஃப்ட் குழிக்குள் நின்றாலும் மேலே மோட்டார் அறையில் கிரீஸ் கையோடு நின்றாலும் எடுத்துவிடுவார்.

"எங்கே நிக்கற?"

"தட்டுக்கு முன்னால."

"கதவைத் தொடாதே. பேசு."

என்ன பேசினார்கள் என்று கேட்டால் பெரிதாக ஒன்றுமில்லை. வைத்தியரின் மகள் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு. கணக்கில் முட்டை வாங்கிவிட்டு, 'சுழியத்துக்கும் மதிப்பு உண்டுன்னு டீச்சரே சொன்னாங்க' என்று வாதாடினது. டாக்டர்களின் கையெழுத்து. இருமல் மருந்து வாங்க வந்து அரை மணி நேரம் மருமகளைத் திட்டிவிட்டு, இருமல் நின்று, மருந்து வாங்காமலே போன அம்மாள். பதினைந்து நிமிடம், இருபது நிமிடம். பிறகு வைத்தியர் நீளமாக ஒரு மூச்சு விடுவார். "போயிடுச்சு அண்ணே," என்பார். ஏணி போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு விட்ட வேலையைத் தொடர்வார். கை தட்ட அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

ஐந்து மாதம் வைத்தியர் ஒரு மாத்திரைகூடத் தொடவில்லை. முகம் தெளிந்தது, பெல்ட்டில் ஒரு துளை தள்ளிப் போட்டார். ஆறாவது மாதம் ஒரு புதன்கிழமை விழுந்தார். விழுந்ததை மறைக்கவில்லை, அன்றைக்கே கூப்பிட்டுச் சொன்னார். "நாலு எடுத்துட்டேன் அண்ணே. உங்களைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடல."

ஏணிக்கு அந்தச் செய்தி மலையைத் தூக்கித் தலையில் வைத்ததுபோல் இருந்தது. சாப்பாட்டுத் தட்டை அப்படியே நகர்த்தினார். அவர் மனைவிக்கு விவரம் தெரியாது, ஏதோ சுமை என்று மட்டும் தெரியும். "எல்லாத்தையும் நீங்களே சுமந்தா முதுகுதான் ஒடியும். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துல சொல்லுங்க. முப்பது பேர் சேர்ந்து ஜெபிச்சா ஒண்ணுக்கு முப்பது பலம்," என்றார்கள். தப்பான எண்ணத்தில் சொல்லவில்லை. அந்த வீட்டில் தப்பான எண்ணம் யாருக்கும் இருந்ததில்லை.

வெள்ளிக்கிழமை அவருக்கு விடுப்பு. உபவாச ஜெபம் பதினொன்றிலிருந்து ஒன்றுவரைக்கும். வாசலில் ஒரு பிரம்புக்கூடை இருக்கும், எல்லோரும் போனை அதில் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். ஜெபத்தின் நடுவில் மணி அடிக்கக் கூடாதல்லவா. ஏணி கூடைக்கு முன்னால் ஒரு நிமிடம் தயங்கினார். முதல் விதி நினைவுக்கு வந்தது. இரண்டு மணி நேரம்தானே என்று போட்டுவிட்டார்.

நடத்தினது ரிட்டயர் ஆன தலைமை ஆசிரியை. அவரை எல்லோரும் எச்.எம். அக்கா என்பார்கள். ஆஜர் எடுப்பதுபோல ஒவ்வொருவரிடமும் ஜெபக்குறிப்பு கேட்டார்கள். ஒருவருக்கு மூட்டுவலி, ஒருவருக்கு மகனின் விசா. ஏணியின் முறை வந்தது.

"ஒரு சகோதரனுக்காக ஜெபிக்கணும். அவ்வளவுதான் அக்கா."

"என்ன காரியம் பிரதர்?"

"ஒரு அடிமைத்தனம்."

"அடிமைத்தனத்துல நூறு வகை இருக்கே. குறிப்பா சொன்னாத்தான் குறிப்பா ஜெபிக்கலாம். பேர் வேண்டாம். பேர் சொல்லக் கூடாது, அது புறணி ஆயிடும்."

பெயர் சொல்லாவிட்டால் புறணி இல்லை. அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் அதில் சந்தேகம் கிடையாது. ஏணிக்கும் இல்லை. அவர் எழுந்து நின்றார். இருபத்தைந்து பெண்களும் ஐந்தாறு ஆண்களும் தலையைத் திருப்பினார்கள். வாயே திறக்காத மனிதர் பேசப்போகிறார்.

"முதுகுல ஆபரேஷன் ஆன ஒரு சகோதரன். அதுக்குக் குடுத்த மாத்திரையை அவரால விட முடியல. அஞ்சு மாசம் நல்லா நின்னார். புதன்கிழமை விழுந்துட்டார். அவர் வேலை செய்யற இடமே அந்த மாத்திரைக்கு நடுவுலதான். அதனாலதான் கஷ்டம்."

பெயர் சொல்லவில்லை. அந்தச் சபையில் மருந்துக்கடையில் வேலை செய்தவர் ஒருவர்தான். முதுகில் ஆபரேஷன் ஆனபோது அதே முப்பது பேர்தான் அவருக்காக ஜெபித்தார்கள். பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

யாரோ 'ச்' கொட்டினார்கள். எச்.எம். அக்கா கண்ணை மூடிக் கையை உயர்த்தினார்கள். "ஆண்டவரே, அந்த மருந்துக்கடைச் சகோதரனை..." என்று தொடங்கியதும் முப்பது குரலும் சேர்ந்துகொண்டன. திருட்டின் ஆவியே, விட்டுப் போ என்றது ஒரு குரல். திருட்டு என்று ஏணி சொல்லவே இல்லை. அவர்களாகக் கூட்டிக்கொண்டார்கள். ஏணி அழுதார். தோளிலிருந்து பாரம் இறங்கியது நிஜம். வெளியே வரும்போது நான்கு பேர் அவர் கையைப் பிடித்து, "எவ்வளவு பாரத்தோட ஜெபிக்கறீங்க பிரதர்," என்றார்கள்.

கூடையிலிருந்து போனை எடுத்தபோது மூன்று அழைப்புகள் தவறியிருந்தன. பன்னிரண்டு பத்து, பன்னிரண்டு பதினான்கு, பன்னிரண்டு இருபத்தொன்று. மூன்றும் வைத்தியர். நின்ற இடத்திலேயே திரும்பக் கூப்பிட்டார்.

"என்ன ஆச்சு? எங்கே நிக்கற?"

"ஒண்ணுமில்ல அண்ணே. சும்மாதான்."

"சும்மாவா மூணு தடவை?"

"கை பட்டிருக்கும். சாப்பிட்டீங்களா?"

"இன்னிக்கு உபவாசம்."

"ஆமாமா. உபவாசம்," என்றார் வைத்தியர்.

அன்று இரவு ஏணி நன்றாகத் தூங்கினார்.

செவ்வாய்க்கிழமை நாற்காலிகளை உருவிப் போட்டு உட்கார்ந்தார்கள். "இந்த வாரம் எப்படி?" என்று கேட்டார் ஏணி.

"ஸ்தோத்திரம் அண்ணே."

"அது பதில் இல்லையே வைத்தியரே. விதி தெரியும்ல?"

"நிஜமாவே ஸ்தோத்திரம்தான்."

லிஃப்டின் இரும்புக் கயிறு எந்த இடத்தில் நைந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுகிற காது ஏணிக்கு. அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டது. கேட்டும் அவர் மேலே கேட்கவில்லை. கேட்டால் பேச்சு வெள்ளிக்கிழமையில் போய் நிற்கும். இருவரும் கண்ணை மூடி ஜெபித்தார்கள், நாற்காலிகளைத் திரும்ப அடுக்கினார்கள். அதற்குப் பிறகு ஒரு மதியம்கூடப் போன் வரவில்லை. வேலைக்கு நடுவே சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார் ஏணி. விழாமல் இருக்கிறான், அதனால்தான் கூப்பிடவில்லை என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். முப்பது பேருடைய ஜெபம் வேலை செய்கிறது என்றுகூட நினைத்தார்.

உபவாச ஜெபத்துக்கு வந்தவர்களில் ஒருவர் அந்த மருந்துக்கடை முதலாளியின் தம்பி மனைவி. காட்டிக்கொடுக்க வேண்டும் என்று அவர்களுக்கு எண்ணமே இல்லை. ராத்திரிச் சாப்பாட்டில், "உங்க கடையில ஒரு பிரதருக்காக இன்னிக்கு ரொம்ப பாரத்தோட ஜெபிச்சோம்," என்று மட்டும் சொன்னார்களாம். மூன்றாவது வாரம் முதலாளி தட்டுத் தட்டாகச் சரக்கைச் சரிபார்த்தார். அவரும் கெட்டவர் இல்லை. போலீசுக்குப் போகவில்லை. அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தி, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, "எங்க வீட்டுல உங்களுக்காக ஜெபிக்கறாங்க," என்றார்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. சபையின் வாய் கொஞ்சம் நாகரிகமானது, அவ்வளவுதான். ஆராதனை முடிந்ததும் ஆட்கள் வைத்தியரின் ஒரு கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எங்க ஜெபத்துல இருக்கீங்க பிரதர்," என்று கண்ணுக்குள் பார்த்தார்கள். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் ஒரு வயதான அம்மாள் தன் மருந்துப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். வைத்தியர் அதைப் பார்த்தார். வைத்தியர் பார்த்ததை ஏணியும் பார்த்தார்.

வைத்தியருக்கு ஒரு கிடங்கில் பெட்டி கட்டுகிற வேலை கிடைத்தது. குனிந்து நிமிர்கிற வேலை. போன முதுகுவலி திரும்பி வந்தது. செவ்வாய்க்கிழமைகளுக்கு ஒன்று விட்டு ஒன்று வந்தார். வந்தாலும் ஸ்தோத்திரம் சொன்னார். வேலை போன நான்காவது மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, எழுப்பப் போன மனைவி கைவைத்துப் பார்த்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது. டாக்டர் மாரடைப்பு என்று எழுதினார். சபையில் எல்லோரும் அதையே சொன்னார்கள்.

அடக்கம் முடிந்த மறுவாரம் பாஸ்டர் ஏணியைக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை நினைவு ஆராதனை. நுகத்தோழனாக இருந்தவர் ஐந்து நிமிடம் சாட்சி சொல்ல வேண்டும். "அவர் எப்படிப் போராடினார், நீங்க எப்படிக் கூட நின்னீங்க, அது சபைக்குப் பிரயோஜனமா இருக்கும்."

"பாஸ்டர், நான் கூட நிக்கல. மூணாவது விதியை உடைச்சது நான்தான். அந்த வெள்ளிக்கிழமை..."

"தெரியும் பிரதர். எச்.எம். அக்கா சொன்னாங்க. நீங்க ஜெபத்துக்குத்தானே சொன்னீங்க. உள்நோக்கம் இல்லையே."

"இருந்தது."

பாஸ்டர் அவர் தோளில் கை வைத்தார். "துக்கத்துல மனசு இப்படித்தான் குற்றம் சாட்டும். அதுக்கு இடம் குடுக்காதீங்க."

பாவம் செய்தேன் என்று ஒருவன் வந்து நிற்கிறான், இல்லை என்று பாஸ்டரே சொல்லி அனுப்புகிறார். படியிறங்கும்போது ஏணிக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் மைக்கில் அறிக்கை செய்துவிடுவது, ஒன்றுவிடாமல் சொல்லிவிடுவது என்று அப்போதே முடிவு செய்தார். அதற்கு முன்னால் வைத்தியரின் மனைவியிடம் சொல்ல வேண்டும்.

அந்த வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லாத கட்டடம். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். ஒரு அறை, அதைத் தடுத்த சமையலறை, ஜன்னல் கம்பியில் ஹேங்கரில் தொங்கிக்கொண்டிருந்த நீலச் சட்டை ஒன்று. தேய்த்த மடிப்புக் கலையவில்லை.

"உட்காருங்க அண்ணே," என்று நாற்காலியை நகர்த்தினாள்.

"தங்கச்சி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா."

"வெள்ளிக்கிழமை விஷயம்தானே?"

ஏணி தலையைக் குனிந்துகொண்டார். "யார் சொன்னாங்க?"

"அவரே சொன்னார். அன்னிக்கு மதியம் கடையில முடியல. உங்களைக் கூப்பிட்டிருக்கார், எடுக்கல. சரி, அண்ணன் உபவாச ஜெபத்துல இருப்பார், நேர்லயே போயிடலாம்னு ஓடி வந்திருக்கார். ஜன்னல் திறந்திருந்துச்சாம். வெளியே நின்னு கேட்டிருக்கார்."

சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஏணிக்கு அதை எழுந்து போய் இறுக்க வேண்டும்போல இருந்தது.

"எவ்வளவு நேரம் நின்னாராம்?"

"முழுசும். உள்ளே வர்றதா போறதான்னு தெரியாம நின்னாராம். சாயங்காலம் வந்து, 'நல்லா ஜெபிக்கறாங்க'ன்னார். அவ்வளவுதான். நான்தான் கத்தினேன். உங்க வீட்டுக்கு வந்து நறுக்குன்னு நாலு கேள்வி கேக்கறேன்னு கிளம்பினேன். விடல. 'அண்ணனுக்கும் கை வலிக்கும்ல, எவ்வளவு நாள்தான் ஒருத்தரே பிடிச்சிருப்பார்'னார்."

"ஏம்மா என்கிட்ட கேக்கல? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை எதிர்லதானே உட்கார்ந்தான்."

"நீங்க ஏன் சொல்லல?"

ஏணி சட்டைப்பையில் இருந்த போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அவள் சட்டையைப் பார்த்தாள். "டாக்டர் என்ன வேணா எழுதட்டும். ரெயின்கோட் பையில காலி மாத்திரை அட்டை இருந்துச்சு. வேணும்னு செய்யல அண்ணே. மறுநாளைக்குப் போடச் சட்டை தேய்ச்சு மாட்டிட்டுத்தான் படுத்தார். முந்தியெல்லாம் எவ்வளவு எடுத்தாரோ அவ்வளவே எடுத்திருக்கார். நடுவுல விட்டிருந்த உடம்பு, தாங்கல. கூப்பிட ஆள் இருந்திருந்தா எடுத்திருக்கவே மாட்டார்." குரலை உயர்த்தாமல் சொன்னாள். யாரோ மூன்றாம் மனிதர்களைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது.

"ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாலயும் சொல்லிடறேன் தங்கச்சி. நான்தான் காரணம்னு. நடந்தது எல்லாத்தையும்."

"எதை? அவர் மாத்திரை எடுத்ததை, கடையில திருடினதை, நீங்க சொன்னதை, அவர் ஜன்னல்ல நின்னதை, எல்லாத்தையுமா?"

"உண்மையைத்தானே..."

"சொல்லிட்டு நீங்க லேசாயிடுவீங்க. அழுவீங்க. நாலு பேர் வந்து கட்டிப்பிடிப்பாங்க. மறுபடியும் அவர் கதைதான் மைக்குல. என் பொண்ணு முன்வரிசையில உட்கார்ந்து கேக்கணும். உங்க பாரத்தை இறக்கி வைக்க என் வீட்டுக்காரர்தான் கிடைச்சாரா, ரெண்டாவது தடவையும்?"

ஏணி ஜன்னலில் தொங்கின நீலச் சட்டையைப் பார்த்தார்.

"அந்த மூணாவது விதியை இப்போவாவது காப்பாத்துங்க. சுமந்துக்கிட்டே இருங்க. நானும்தானே சுமக்கறேன்."

அவர் எழுந்தார். கதவு வரைக்கும் வந்தவளிடம், கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டார். "என்னைப் பத்தி உன்கிட்ட ஏதாவது சொல்லியிருக்கானா? நான் அவன்கிட்ட ஒண்ணு சொல்லியிருந்தேன்."

"கேட்டேன். நம்ம வீட்டு விஷயம் அவருக்குத் தெரியும், அவர் வீட்டு விஷயம் என்னன்னு கேட்டேன். வேலை போன கோபத்துல, சொல்லித்தான் ஆகணும்னு சண்டையே போட்டேன். 'அது அண்ணனோடது'ன்னுட்டார்." கதவில் கையை வைத்தாள். "கடைசி வரைக்கும் சொல்லல."

ஞாயிற்றுக்கிழமை சபை நிறைந்திருந்தது. மேடையில் வைத்தியரின் படம், சிரிக்கிற படம். முன்வரிசையில் அவர் மனைவியும் மகளும். எச்.எம். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சிறுமியின் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஏணியின் பெயரைச் சொன்னார்கள். அவர் போய் மைக்குக்கு முன்னால் நின்றார். இருநூறு தலைகள் அவரைப் பார்த்து நிமிர்ந்தன.

"அவர் என்னைக் கூப்பிட்டார். நான் எடுக்கல," என்றார்.

வேறு எதுவும் சொல்லாமல் கீழே இறங்கி நடந்தார்.

பிறகு எங்கிருந்தோ, "ஆமென்," என்றது ஒரு குரல். இன்னொன்று, "ஸ்தோத்திரம்." பாஸ்டர் மைக்கைப் பிடித்து, கண் கலங்கி, "பாருங்க, எவ்வளவு தாழ்மை. இரவும் பகலும் கூட நின்ன மனுஷன், ஒரே ஒரு தடவை போன் எடுக்காததை நினைச்சு இப்படி உடையறார். நாம நம்ம சகோதரனோட அழைப்பை எடுக்கறோமா?" என்று அதிலிருந்தே பிரசங்கத்தைத் தொடங்கினார். வரிசையைத் தாண்டிப் போகும்போது கைகள் நீண்டு அவர் கையைத் தொட்டன. எல்லோரும் திரும்பித் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அந்தப் பார்வைகள் பட்டதும் நெஞ்சுக்குள்ளே, இத்தனை நடந்த பிறகும், கைதட்டல் கேட்டால் வருகிற பழைய அந்தச் சூடு கொஞ்சம் எழுந்தது. அது எழுந்ததை அவரே உணர்ந்தார். முன்வரிசையில் ஒருத்தி மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பாஸ்டர் அவருக்குப் புது நுகத்தோழனைக் கொடுத்தார். வங்கியில் வேலை பார்க்கிறவர், கனிவான மனிதர், புதிதாகச் சேர்ந்தவர். இருவரும் பின்னறைக்குப் போய் அடுக்கிலிருந்து நாற்காலிகளை உருவினார்கள். முழங்காலோடு முழங்கால் இடித்தது. புதியவர் மூன்று விதிகளையும் நன்றாகப் படித்துக்கொண்டு வந்திருந்தார். தன் போனை எடுத்து எண்ணைக் கேட்டுப் பதிந்துகொண்டார். பிறகு முன்னால் சாய்ந்து, அக்கறையோடு கேட்டார்.

"இந்த வாரம் எப்படி பிரதர்?"

அது அவர் நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. சொல்வதற்கு என்று அவரிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதைச் சொன்னால் கூடவே ஒரு ஜன்னலும், அதற்கு வெளியே நின்ற ஒருவரும் வருவார்கள்.

"ஸ்தோத்திரம்," என்றார் ஏணி.